மெல்பேர்ன் கங்காருக்களின் வாழ்த்து

பிறந்தநாள் வேண்டாம் என்று சாமியிடம் கேட்ட பிள்ளையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான்தான் அது. எனக்கு ஒன்பது வயது ஆகவிருந்த வருடம், குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் வைத்திருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் தினமும் கண்ணை மூடி நின்று நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இந்த முறை என் பிறந்தநாள் வரக்கூடாது. கேக்கும் வேண்டாம், புதுச் சட்டையும் வேண்டாம். கலண்டரில் அந்தத் தாளை யாருக்கும் தெரியாமல் கிழித்துவிட்டால் போதுமா என்றுகூட யோசித்தேன். பிள்ளையார் எதற்கும் முகம் கொடுக்கவில்லை.

எழுபதுகளின் பிற்பகுதி அது. மெல்பேர்னில், டாண்டினோங் பக்கம் ஒரு சின்ன வாடகை வீட்டில் அப்பா, அம்மா, நான் என்று மூன்றே பேர். தமிழ் கேட்க வேண்டுமென்றால் நாங்களே பேசிக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். உள்ளூர் வானொலியில் கிரேக்கரும் இத்தாலியரும் தங்கள் பாஷையில் பேசத் தொடங்கியிருந்தார்கள். எங்களுக்கு இன்னும் முறை வரவில்லை.

வீட்டில் உருப்படியான சாமான் என்று இருந்தது அப்பாவின் றேடியோ ஒன்றுதான். ஊரிலிருந்து வரும்போது தன்னுடைய சேலைப் பெட்டியை விட்டுவிட்டு அப்பா அதைத் தூக்கி வந்தார் என்று, யார் வீட்டுக்கு வந்தாலும் அம்மா முறைப்பாடு வைப்பார். அம்மா சமைக்கும் குசினியில், ஜன்னலோர மேசையில் அதற்கு இடம். கொழும்பிலிருந்து சிற்றலையில் வரும் தமிழ் ஒலிபரப்பு எங்களுக்காக அனுப்பப்பட்டதல்ல. இந்தியாப் பக்கம் அனுப்பியதில் சிந்தியது கொஞ்சம் கடல் தாண்டி எங்கள் குசினியில் வந்து விழும். அதைப் பிடிக்க அப்பா ஒரு செம்புக் கம்பியை ஜன்னல் வழியாக இழுத்து, பின்வளவில் உடுப்புக் காயப்போடும் சுழல் கம்பத்தில் கட்டியிருந்தார். கம்பத்தைச் சுற்றினால் கொழும்பு கிட்ட வரும், இல்லாவிட்டால் ஒரேயடியாகப் போய்விடும். அதனால் பின்னேரத்தில் அதில் துணி தொங்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஈரச் சேலை ஒன்று தப்பித் தவறித் தொங்கினாலும் அப்பாவுக்கு மூக்கு நுனியில் கோபம் வந்துவிடும்.

கம்பி யோசனை அப்பாவுடையதல்ல, பக்கத்து வீட்டு ஹங்கேரிக்காரருடையது. அவரை அங்கிள் என்று கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். எப்போதோ தன் நாட்டைவிட்டு ஓடி வந்தவர், தனி ஆள். அவர் வீட்டிலும் இரவானால் ஒரு றேடியோ விளங்காத பாஷையில் கரகரக்கும். கம்பி கொண்டுவந்து கொடுத்ததும் அவர்தான், முதல் நாள் கம்பத்தைப் பிடித்துச் சுற்றிக் காட்டியதும் அவர்தான். நல்ல மனிதர். ஆனால் அவரைக் கண்டால் எனக்குக் குலை நடுங்கும். அவருடைய இடக் கையில் இரண்டு விரல்கள் இல்லை.

விரல் இல்லாததற்கு நான் ஏன் நடுங்க வேண்டும் என்றால், அதற்கு மாமாதான் காரணம். மாமா அம்மாவின் ஒரே தம்பி. ஊரில் இருக்கும்போது நான் றேடியோவின் பின்பக்கத்தை நோண்டப் போனால், உள்ளே இருக்கிற ஆட்கள் பசியில் இருக்கிறார்கள், விரலைக் கண்டால் கடித்து எடுத்துவிடுவார்கள் என்று முகத்தை வலு கவனமாக வைத்துக்கொண்டு சொல்லுவார். அந்தக் கதையை நான் பாதிதான் நம்பினேன். மெல்பேர்னுக்கு வந்து அங்கிளின் கையைக் கண்டபிறகு முழுதாக நம்பிவிட்டேன். றேடியோவையும் அதன் கம்பியையும் அன்றிலிருந்து தொட்டதேயில்லை.

மாமா தெற்கே ஒரு சிங்களப் பட்டினத்தில், வங்கியில் வேலை பார்த்தார். வருடம் தவறாமல் கொழும்பு வானொலிக்கு என் பெயரில் பிறந்தநாள் வாழ்த்து அட்டை அனுப்புவார். அந்த நிகழ்ச்சியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இன்ன ஊரில் வசிக்கும் இன்னார் இன்று பிறந்தநாள் கொண்டாடுகிறார், அவரை அப்பா, அம்மா, அப்பப்பா, அம்மம்மா, பெரியம்மா, சித்தப்பா என்று வீட்டில் மூச்சு விடுகிற அத்தனை பேரும் வாழ்த்துகிறார்கள் என்று அறிவிப்பாளர் ஒரே இழுவையில் வாசிப்பார். ஒரு பெயர் விடுபட்டால் சொந்தத்துக்குள் பெரிய சண்டையே வந்துவிடும். நாங்கள் கடல் கடந்த பிறகு வந்த முதல் பிறந்தநாளில், மாமா அந்த வரிசையின் கடைசியில் வீட்டு நாய் வீமனையும் அதற்குப் பின்னால் மெல்பேர்ன் கங்காருக்களையும் சேர்த்துவிட்டிருந்தார். அறிவிப்பாளர் கொஞ்சமும் சிரிக்காமல் அதை வாசித்தார். அம்மா சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து விழப் பார்த்தார். இவன் வங்கியில் என்ன கணக்குத்தான் பார்க்கிறானோ என்று அப்பா தலையில் கை வைத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் கங்காருக்கள் தவறவில்லை.

அந்த அறிவிப்பாளர் எனக்குத் தெய்வம். குசினியில் கிடக்கும் அகப்பையை வாய்க்கு முன்னால் பிடித்து, மூக்கை மூடிக் கரகரப்பும் சேர்த்து, அவரைப் போலவே பேசிக் காட்டுவேன். நிகழ்ச்சி முடியும்போது அவர் சொல்லும் அறிவித்தலைக்கூட ஒரு சொல் பிசகாமல் ஒப்புவிப்பேன். என்ன சொல்கிறேன் என்று யோசித்ததில்லை. பாட்டைப் போல ராகம் மட்டும்தான் மனப்பாடம்.

அந்த ஓகஸ்ட் மாதம் ஒரு பின்னேரம், அப்பா தேத்தண்ணி குடித்துக்கொண்டு இங்குள்ள ஆங்கிலச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். உதைபந்து முடிவுகளுக்கும் அடுத்த நாள் குளிருக்கும் இடையில் எங்கள் நாட்டின் பெயர் வந்தது. அந்தச் செய்தியில் எங்கள் நாட்டின் பெயர் வந்தால் ஒன்று தேயிலை விலை, இல்லாவிட்டால் கேடு. தேயிலையைப் பற்றி அந்தக் குரலில் சொல்லமாட்டார்கள். தெற்கில் தமிழர்களை அடிக்கிறார்கள், வீடுகளை எரிக்கிறார்கள் என்பது ஒரே ஒரு வசனத்தில் முடிந்துவிட்டது. அப்பா கோப்பையைக் கீழே வைக்க மறந்து அப்படியே இருந்தார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, திரும்பவும் சொல்லுவார்களா என்று கேட்டார். திரும்பவும் சொல்லவில்லை.

மறுநாள் அப்பா மாமாவின் விலாசத்துக்குத் தந்தி அடித்தார். பதில் இல்லை. ஊரில் எங்கள் வீட்டில் தொலைபேசி கிடையாது. யாரோ தெரிந்தவர் மூலம் கொழும்புக்கு அழைப்பு எடுக்கப் பார்த்தார், இணைப்புக் கிடைக்கவில்லை. மாமா வேலை செய்த பட்டினத்திலும் நெருப்பு வைத்திருக்கிறார்கள் என்று மட்டும், வேலையிடத்தில் யாரோ சொல்லித் தெரிந்தது. பின்னேரங்களில் கொழும்பைப் பிடித்தால், ஊரடங்கு எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று சொல்லுவார்கள். உடனே சவர்க்கார விளம்பரம் வரும், பிறகு பாட்டு. அந்தச் சவர்க்கார விளம்பரம் எனக்கு மிகவும் பிடித்தது. அது வரும்போது அம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்து அடைத்துக்கொள்வதைக் கண்டபிறகு, அதைக் கேட்கவும் பயமாக இருந்தது.

வீட்டில் யாரும் உரத்துப் பேசவில்லை. அம்மா கறிக்கு இரண்டு முறை உப்புப் போட்டார், அப்பா அதை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். உப்பைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிறகு ஒரு நாள், நான் கதவுக்குப் பின்னால் சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருப்பது தெரியாமல் அம்மா அப்பாவிடம் சொன்னார்.

"இஞ்சேருங்கோ, பிள்ளையின்ர பிறந்தநாள் வருதெல்லே. என்ர தம்பி உயிரோட இருந்தா வாழ்த்து வரும். வராட்டி..."

அப்பா, "வரும். நீர் முதல்ல சாப்பிடும்" என்றார்.

பிறந்தநாள் என்றால் இவ்வளவு காலமும் என்னுடைய விஷயம். இப்போது அன்றைக்கு வானொலியில் என் பெயர் வந்தால் மாமா இருக்கிறார், வராவிட்டால் மாமா இல்லை. வராமல் போனால் மாமா செத்தது என்னால்தான் என்றே என் புத்தி முடிவு செய்தது. அதனால்தான் பிள்ளையாரிடம் போனேன். பிறந்தநாளே வராவிட்டால் மாமா எப்படியும் இருந்துகொண்டே இருப்பார் அல்லவா? இரவில் போர்வைக்குள் கிடந்து, கங்காருக்களே எப்படியாவது வந்துவிடுங்கோ என்று அவைகளையும் கெஞ்சினேன். கங்காருவை நான் அதுவரை படத்தில்தான் கண்டிருந்தேன்.

பிறந்தநாள் வந்தது. ஊரில் மத்தியான நிகழ்ச்சி எங்களுக்குப் பொழுது பட்ட பிறகு. அம்மா குளித்து, சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டு, விளக்கேற்றி, பாயசமும் காய்ச்சி வைத்துவிட்டுக் கதிரையின் நுனியில் வந்து இருந்தார். கம்பத்தைச் சுற்ற அங்கிள் வந்திருந்தார். அப்பா அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் பெரிய ஓவர்கோட்டோடு குளிரில் போய், அந்தக் கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் புதுச் சட்டையோடு ஜன்னலடியில் நின்றேன். ஓடிப்போய்க் கட்டிலுக்குக் கீழே படுத்துவிடலாமா என்று இருந்தது.

நிகழ்ச்சி தொடங்கியது. யார் யாரோ பிள்ளைகள் எந்தெந்த ஊர்களிலோ பிறந்திருந்தார்கள். அவர்கள் எல்லோர் மீதும் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒலி அலையோடு ஏறியது, இறங்கியது. பிறகு திடீரென்று, "அவுஸ்திரேலியாவில் மெல்பேர்ன் நகரில் வசிக்கும்" என்று அந்தக் குரல் சொல்ல, அம்மா எழுந்துவிட்டார். என் பெயர் வந்தது. அப்பா வந்தார், அம்மா வந்தார், அப்பப்பா, அப்பம்மா, அம்மப்பா வரைக்கும் வந்து, குரல் அப்படியே இரைச்சலுக்குள் மூழ்கியது. அப்பா குமிழை அங்கும் இங்கும் திருகினார். அங்கிளிடம் சுற்றச் சொல்லி அப்பா ஜன்னலால் கத்தினார். கம்பம் கிரீச்சிட்டது. ஒன்றும் வரவில்லை.

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ தெரியாது. ஜன்னல் சட்டத்தில் உறை உரிந்து வெறும் செம்பாகக் கிடந்த கம்பியை, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்தேன். விரல்கள் போகட்டும் என்றுதான் பிடித்தேன். யாரும் கடிக்கவில்லை. இரைச்சல் விலகி, அந்த மனிதர் எங்கள் குசினியில் நின்று பேசுவதைப் போலச் சொன்னார்: "அம்மம்மா, அன்பு மாமா, வீட்டு நாய் வீமன், மெல்பேர்ன் கங்காருக்கள் ஆகியோர் பல்லாண்டு வாழ்கவென வாழ்த்துகிறார்கள்."

அம்மா என்னைக் கம்பியோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை, இரண்டும்தான் போலிருந்தது. தம்பி இருக்கிறான், இருக்கிறான் என்று என் தலைமுடிக்குள் முகத்தை வைத்துச் சொல்லிக்கொண்டேயிருந்தார். அப்பா மட்டும் றேடியோவைப் பார்த்தபடி இருந்தார். பிறகு எழுந்து போய் அங்கிளைக் கூட்டி வந்தார். அவருக்கு ஒரு கோப்பை நிறையப் பாயசம் கொடுத்தோம். அவர் அதற்குள் கிடந்த முந்திரிகை வற்றலைப் பார்த்துத் தலையாட்டித் தலையாட்டிச் சாப்பிட்டார். இத்தனை நாளும் செத்த வீடு போலிருந்த குசினி, கலகலவென்று ஆகிவிட்டது. அம்மா அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். மாமாவைக் காப்பாற்றியதே நான்தான். அங்கிளுக்கு ஏதாவது செய்து காட்ட வேண்டும் போலிருந்தது. அகப்பையை எடுத்துக் கதிரையில் ஏறி நின்று, மூக்கை மூடி, அறிவிப்பாளரின் அறிவித்தலை முழு ராகத்தோடு தொடங்கினேன்.

"பிறந்தநாள் வாழ்த்து அட்டைகளை அனுப்பும் நேயர்கள், பிறந்தநாளுக்கு ஒரு மாதத்துக்கு முன்னரே அவை எமக்குக் கிடைக்கக்கூடியதாக அனுப்பி வைக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

அங்கிள் கை தட்டினார். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. தட்டியபடியே அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். கை தட்டுவது நின்றுவிட்டது. அப்பா எழுந்து வந்து என்னைக் கதிரையிலிருந்து இறக்கினார். நான் ஏதாவது பிழையாகச் சொல்லிவிட்டேனா என்று பயந்து அம்மாவைப் பார்த்தேன். ஒரு சொல்கூடப் பிசகவில்லையே. அம்மா வெகுநேரம் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டுச் சட்டைக் கழுத்தைச் சரி செய்தார்.

"ஓம் குஞ்சு. மாமா எதையும் பிந்தவிட மாட்டார். எல்லாம் வெள்ளனவே செய்துபோடுவார்."

மாமாவைப் புகழ்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றைக்கு அம்மா மீதிப் பாயசத்தை முழுக்கக் கொட்டிவிட்டுப் பானையைத் தேய்த்தார். தேய்த்துத் தேய்த்து, பளபளத்த பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பிறகும் பயம்தான். ஆனால் அது அவர்களுடைய பயம், எனக்கு முடிந்துவிட்டது. வானொலியே சொல்லிவிட்டதே, இன்னும் ஏன் தபால்காரனைக் கண்டால் அம்மா சுவரைப் பிடிக்கிறார் என்று எனக்கு எரிச்சலாகக்கூட வந்தது. பள்ளிக்கூடத்தில் என் மாமா பத்திரமாக இருக்கிறார் என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். அம்மப்பாவின் கடிதம் வந்தபோது வளவில் வசந்த காலப் புல் முளைத்திருந்தது. மாமா குடியிருந்த வீட்டுச் சிங்களக் குடும்பம் அவரை நெல்மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்ததாம். பிறகு அகதிகளை ஏற்றி வந்த கப்பலில் ஊருக்கு வந்து சேர்ந்தாராம். கை ஒன்று முறிந்திருக்கிறது, மற்றப்படி சுகம், முன்னைப்போல் கதைப்பதுதான் இல்லை என்று எழுதியிருந்தார். அம்மா அதை வாசித்துவிட்டு நிலத்தில் இருந்து அழுதார். நான் பக்கத்தில் நின்று, இதைத்தானே நான் அப்போதே சொன்னேன் என்று கேட்டேன்.

அடுத்த வருடப் பிறந்தநாளுக்கு எனக்குத் துளியும் பயமில்லை. மாமா ஊரில், வீட்டில், வீமனுக்குப் பக்கத்தில் இருக்கிறார். இந்த முறை கங்காருக்களோடு வேறு என்ன சேர்ப்பார் என்பதுதான் என் யோசனை. அங்கிள் வழக்கம்போல வந்து கம்பத்தைப் பிடித்தார். அம்மா மட்டும் றேடியோ வேண்டாமே, கடற்கரைக்குப் போவோமா என்று இரண்டு மூன்று தரம் கேட்டுப் பார்த்தார். ஓகஸ்ட் குளிரில் யாராவது கடற்கரைக்குப் போவார்களா? நான் விடவில்லை. ஒலி கொஞ்சமும் இறங்கக்கூடாது என்று தொடக்கத்திலிருந்தே கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்குக் கொழும்பு கண்ணாடி போலத் தெளிவாகக் கேட்டது. ஒவ்வொரு பிள்ளையாக வந்தது, ஒவ்வொரு அம்மம்மாவாக வாழ்த்தினார்கள். நல்லூர் வந்தது, கண்டி வந்தது, மட்டக்களப்பு வந்தது. கடைசியில் அந்த அறிவித்தலும் வந்துவிட்டது. மெல்பேர்ன் வரவேயில்லை.

மாமா செத்துப்போனார் என்று வீறிட்டுக் கத்தினேன். அம்மா ஓடிவந்து என் கையைக் கம்பியிலிருந்து எடுத்தார். "விசர்க் கதை கதையாதை. மாமா வீட்டிலதான் இருக்கிறார். போன கிழமையும் கடிதம் வந்ததெல்லே."

அப்படியென்றால் ஏன் அனுப்பவில்லை என்று கேட்டேன். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா றேடியோவை நிறுத்தினார்.

"ஒரு மாசத்துக்கு முதலே அனுப்ப வேணுமெல்லே குஞ்சு," என்றார் அம்மா. "பிந்திப்போச்சுது போல."

"மாமா எதையும் பிந்தவிட மாட்டார் எண்டு நீங்கள்தானே அம்மா சொன்னனீங்கள்."

எனக்கு மாமா மீது அப்படி ஒரு கோபம். நெருப்புக்கும் அடிக்கும் நடுவில் மறக்காத மனிதர், சும்மா வீட்டில் இருக்கும்போது எப்படி என்னை மறப்பார்? இனி அவரோடு கதைப்பதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். வெளியே, நிகழ்ச்சி முடிந்தது தெரியாமல் அங்கிள் இன்னும் கம்பத்தை மெல்ல மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளே வரச் சொல்லு, பாயசம் ஆறுது என்று அம்மா என்னை அனுப்பினார்.